எட்டாம் வகுப்பிலேயே காலேஜ் சீட்... வாய் வார்த்தைக்கு என்ன மதிப்பு? - அமெரிக்காவின் 'பிஞ்சு' வீரர்களின் கதை

உங்க பொண்ணுக்கு 13 வயசுன்னு வெச்சுக்குவோம். எட்டாம் வகுப்பு படிக்கிறா. சாக்கர், அதாவது நாம கால்பந்துன்னு சொல்ற ஆட்டம், பிரமாதமா ஆடுறா. ஒரு சனிக்கிழமை மேட்ச் முடிஞ்சு ஷூவைக் கழட்டிட்டு இருக்கும்போது கிளப் கோச் பக்கத்துல வந்து, "நாளைக்கு சாயங்காலம் நாலு மணிக்கு இந்த நம்பருக்குக் கூப்பிடு" என்கிறார். கூப்பிட்டால், மறுமுனையில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர். "உன் ஆட்டம் எங்களுக்குப் பிடிச்சிருக்கு. ஹைஸ்கூல் முடிச்சதும் நீ எங்க டீம்ல ஆடணும். ஸ்காலர்ஷிப் தர்றோம். வர்றியா?"

நீங்க என்ன சொல்வீங்க? அதைவிட முக்கியம், 13 வயசுப் பொண்ணு என்ன சொல்லுவா?

அமெரிக்காவில் பல வருடங்கள் நிஜமாகவே நடந்த விஷயம் இது. ஒன்பதாம் வகுப்பில் கால் வைப்பதற்கு முன்பே காலேஜ் முடிவாகிவிட்ட பிள்ளைகள் அங்கே உண்டு. இதை நான் தேடிப் படிக்க ஆரம்பித்ததற்குக் காரணம் ஒரு போன் கால். நியூஜெர்சியில் இருக்கும் என் ஒன்றுவிட்ட அக்காவின் மகள் இப்போது ஒன்பதாம் வகுப்பு. அவளும் சாக்கர் பிளேயர். வார இறுதியில் எப்போது கூப்பிட்டாலும் அக்கா ஏதாவது ஒரு ஹைவேயில்தான் இருப்பார். பின் சீட்டில் மகள், டிக்கியில் பந்து மூட்டை, டப்பாவில் பொடி இட்லி. போன மாதம் பேசும்போது சட்டென்று குரல் இறங்கிவிட்டது. "இவ டீம்ல ரெண்டு பொண்ணுங்களுக்கு இப்பவே காலேஜ் கோச்சுங்க கண்ணு வெச்சிருக்காங்களாம். இன்னும் நமக்கு யாரும் வரலைன்னா லேட்டுன்னு எல்லாரும் சொல்றாங்க. நீ பத்திரிகையில தானே இருக்கே... விசாரிச்சு சொல்லேன், நிஜமாவே லேட்டாயிடுச்சா?"

ஒன்பதாம் வகுப்பில் 'லேட்'! அந்த வார்த்தைதான் என்னை உறுத்தியது. உங்கள் வீட்டிலும் அண்ணன் மகனோ, அக்கா மகளோ அங்கே ஒரு மைதானத்தில் ஓடிக்கொண்டிருக்கலாம். அவர்களுக்காகவும் சேர்த்து இந்தக் கட்டுரை.

காலேஜ் ஸ்போர்ட்ஸ்... அங்கே அது வேற லெவல்!

முதலில் ஒரு விஷயம் புரிய வேண்டும். நம் ஊரில் காலேஜ் டீம் என்றால் ஸ்போர்ட்ஸ் கோட்டா, மண்டலப் போட்டி, கொஞ்சம் அட்டெண்டன்ஸ் சலுகை. அமெரிக்காவில் அப்படி இல்லை. அங்கே காலேஜ் விளையாட்டு ஒரு பெரிய தொழில். ஸ்டேடியம் நிரம்பும், டிவி உரிமம் விற்கும், தலைமைப் பயிற்சியாளர்களில் சிலர் பல்கலைக்கழகத் தலைவரைவிட அதிகம் சம்பாதிப்பார்கள். என்.சி.ஏ.ஏ என்ற அமைப்பின்கீழ் சுமார் 1,100 கல்லூரிகள் போட்டியிடுகின்றன. இதில் உச்சம் 'டிவிஷன் 1'. அதில் மட்டும் 350-க்கும் அதிகமான கல்லூரிகள்.

திறமையான பிள்ளைகளைப் பள்ளியில் இருக்கும்போதே தேடிப் பிடிப்பதற்கு 'ரெக்ரூட்டிங்' என்று பெயர். பயிற்சியாளர்களின் வேலையில் பாதி இதுதான். நல்ல ஆட்கள் வந்தால் ஜெயிக்கலாம். ஜெயிக்கவில்லை என்றால் வேலை போகும்.

பெற்றோர் தரப்பில் ஆசைக்குக் காரணம், பணம். அமெரிக்காவில் காலேஜ் ஃபீஸ் எவ்வளவு என்று அங்கே பிள்ளை வளர்ப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், பெருமூச்சுதான் பதிலாக வரும். ஸ்காலர்ஷிப் கிடைத்தால் அந்தச் சுமை இறங்கும். பணம் இல்லாவிட்டாலும், சாதாரணமாக இடம் கிடைக்காத பெரிய கல்லூரிக்குள் நுழைய விளையாட்டு ஒரு வழி. அந்த வழிக்கு எவ்வளவு கிராக்கி என்பதற்கு 2019-ல் வெளிவந்த 'வார்சிட்டி புளூஸ்' ஊழலே சாட்சி. விளையாடவே தெரியாத பிள்ளைகளை விளையாட்டு வீரர்களாகக் காட்டி சீட் வாங்க, பணக்காரப் பெற்றோர்கள் ரிக் சிங்கர் என்ற கன்சல்டன்ட் மூலம் லஞ்சம் கொடுத்தார்கள். வாங்கியவர்களில் சில பயிற்சியாளர்களும் இருந்தார்கள்.

ஆனால் நிஜக் கணக்கு என்ன? பள்ளி அளவில் விளையாடும் பிள்ளைகளில் ஏதாவது ஒரு விளையாட்டு ஸ்காலர்ஷிப் பெறுபவர்கள் சுமார் 2 சதவிகிதம்தான் என்று என்.சி.ஏ.ஏ-வே சொல்கிறது. அதிலும் எல்லாருக்கும் முழு ஃபீஸ் கிடையாது. உதாரணத்துக்கு, பெண்கள் சாக்கரில் ஒரு டிவிஷன் 1 டீமுக்கு சமீபகாலம் வரை அனுமதிக்கப்பட்டது 14 முழு ஸ்காலர்ஷிப்புக்கான தொகைதான். அதை 25, 30 பேருக்குப் பிய்த்துப் பிய்த்துக் கொடுப்பார்கள். ஒருத்திக்கு பாதி, இன்னொருத்திக்கு கால், சிலருக்கு புத்தகச் செலவு மட்டும். "என் பொண்ணுக்கு ஸ்காலர்ஷிப்" என்று வாட்ஸ்அப் குரூப்பில் வரும் மெசேஜில் இந்தக் கணக்கு இருக்காது!

ஏன் இந்த அவசரம்?

17 வயதில் தேர்ந்தெடுத்தால் போதாதா? 13 வயதில் என்ன அவசரம்?

எந்தப் பயிற்சியாளரும் ஆசைப்பட்டு இதை ஆரம்பித்ததாகத் தெரியவில்லை. நம் ஊரில் ஒரு ஸ்கூல் ஜனவரியில் எல்.கே.ஜி அட்மிஷன் ஆரம்பித்தால், பக்கத்து ஸ்கூல் டிசம்பரில் ஆரம்பிக்கும், அதற்கடுத்த ஸ்கூல் நவம்பரில் ஃபார்ம் கொடுக்கும் இல்லையா? அதே கதைதான். ஒரு கல்லூரி பதினோராம் வகுப்புப் பிள்ளையிடம் பேசினால், போட்டிக் கல்லூரி பத்தாம் வகுப்புக்குப் போகும். நாம் சும்மா இருந்தால் நல்ல பிள்ளைகளை எல்லாம் அடுத்தவன் கொண்டுபோய்விடுவான் என்ற பயம். இது தப்பு என்று வெளிப்படையாகச் சொன்ன பயிற்சியாளர்கள்கூட அதையே செய்துகொண்டிருந்தார்கள்.

சாக்கர், லக்ராஸ், சாஃப்ட்பால் போன்ற விளையாட்டுகளில், குறிப்பாகப் பெண் பிள்ளைகள் விஷயத்தில், இந்த அவசரம் அதிகம் இருந்தது. (லக்ராஸ் என்பது வலை கட்டிய கோலால் பந்தைப் பிடித்து எறியும் ஆட்டம்.) கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாடு கூடாது என்று 1972-ல் வந்த 'டைட்டில் 9' சட்டத்துக்குப் பிறகு பெண்களுக்கான காலேஜ் டீம்கள் பெருகின. அது நல்ல மாற்றம், சந்தேகமே இல்லை. ஆனால் டீம்கள் பெருகியபோது, திறமையான பெண் பிள்ளைகளைப் பிடிக்கும் போட்டியும் பெருகியது. பையன்களைவிடப் பெண் பிள்ளைகள் சீக்கிரம் உடல் வளர்ச்சி அடைவதால், 13, 14 வயதிலேயே கணித்துவிடலாம் என்ற நம்பிக்கையும் சேர்ந்துகொண்டது.

விதிகள் இல்லையா என்றால், இருந்தன. குறிப்பிட்ட வகுப்புக்கு முன் பயிற்சியாளர் பிள்ளைக்குப் போன் செய்யக் கூடாது, கடிதம் எழுதக் கூடாது. ஆனால் பிள்ளை போன் செய்தால் பேசலாம்! அதனால்தான் முதல் பத்தியில் கிளப் கோச் வந்து "நாலு மணிக்குக் கூப்பிடு" என்றார். அந்த நேரத்தில் போனை எடுக்காவிட்டால், பயிற்சியாளர் திருப்பிக் கூப்பிட முடியாது. கல்லூரியைச் சுற்றிப் பார்க்கவும் அப்படித்தான். கல்லூரி செலவு செய்து அழைக்கக் கூடாது, சொந்தக் காசில் வந்தால் தடையில்லை. விதி எழுதப்பட்டது பிள்ளையைக் காப்பாற்ற. நடைமுறையில், பெரியவர்கள் செய்ய வேண்டிய போனை 13 வயதுப் பிள்ளை கை நடுங்க செய்ய வேண்டியதாயிற்று.

இன்னொரு கூத்தும் நடந்தது. ஆண்கள் கூடைப்பந்தில் 'ரெக்ரூட்' என்ற வரையறைக்குள் ஒன்பதாம் வகுப்பு முதல்தான் பிள்ளைகள் வருவார்கள். அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு விதி பொருந்தாது என்பதால், பயிற்சியாளர்கள் ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கேம்ப்களைச் சுற்ற ஆரம்பித்தார்கள். அதைக் கட்டுப்படுத்த 2009-ல் என்.சி.ஏ.ஏ அந்த வரையறையை ஏழாம் வகுப்புக்கு இறக்கியது. நோக்கம் நல்லதுதான். ஆனால் யோசித்துப் பாருங்கள்... 12 வயதுப் பிள்ளையைக் 'காலேஜ் ரெக்ரூட்' என்று காகிதத்தில் எழுத வேண்டிய நிலை!

கையெழுத்து இல்லாத கல்யாணம்

இந்த இடத்தில்தான் விஷயத்தின் முடிச்சு இருக்கிறது. 13 வயதில் கொடுக்கப்படும் அந்த 'ஆஃபர்' வெறும் வாய் வார்த்தை. அதற்குப் பிள்ளை சொல்லும் 'சரி'யும் வாய் வார்த்தை. கல்லூரியையும் கட்டுப்படுத்தாது, பிள்ளையையும் கட்டுப்படுத்தாது. எழுத்தில் கையெழுத்து போடுவது பன்னிரண்டாம் வகுப்பில்தான். 1964-லிருந்து அதற்கென்று 'நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட்' என்று ஒரு ஒப்பந்தம் இருந்தது. 2024 அக்டோபரில் அதை எடுத்துவிட்டு, கல்லூரி கொடுக்கும் நிதியுதவி ஒப்பந்தமே போதும் என்றார்கள். எப்படிப் பார்த்தாலும், வாய் வார்த்தைக்கும் கையெழுத்துக்கும் நடுவே நாலு வருடம்.

அந்த நாலு வருடத்தில் என்னென்ன நடக்கலாம்? பயிற்சியாளர் வேறு கல்லூரிக்குப் போகலாம். தோற்றுத் தோற்று வேலையை விட்டே தூக்கப்படலாம். பிள்ளைக்கு முட்டி ஜவ்வு கிழியலாம். அதே இடத்துக்கு இன்னும் நல்ல பிளேயர் ஒருத்தி கிடைக்கலாம். அல்லது பிள்ளைக்கே, "எனக்கு இன்ஜினீயரிங் படிக்கணும், அந்தக் காலேஜ்ல அது இல்லையே" என்று தோன்றலாம்.

'ரெண்டு பக்கமும் கட்டுப்பாடு இல்லைன்னா நியாயம்தானே?' என்று கேட்கலாம். காகிதத்தில் நியாயம்தான். ஆனால், கல்லூரிக்கு அது பத்துப் பதினைந்து வாக்குறுதிகளில் ஒன்று. பிள்ளைக்கு அது ஒன்றே ஒன்று. 'சரி' சொன்ன அன்றே மற்ற கல்லூரிகளைப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறாள். ஸ்கூல் முழுக்கத் தெரியும். உறவினர்களுக்குத் தெரியும். இன்ஸ்டாவில் அந்தக் கல்லூரியின் டி-ஷர்ட்டோடு போட்டோ போட்டாயிற்று. இனி மனம் மாறினால் 'வாக்கு தவறியவள்' என்ற பெயர் அவளுக்குத்தான். பயிற்சியாளர் மனம் மாறினால், அதற்குப் பெயர் 'டீமின் தேவை மாறிவிட்டது'. வார்த்தையின் கனம் முழுக்கச் சின்னத் தோளில். பெரியவர்கள் பக்கம் ஒரு கிராம்கூட இல்லை.

13 வயதில் ஆஃபர் வாங்கிய டேவிட் சில்ஸ்

இதற்கு அமெரிக்காவே பேசிய உதாரணம், டேவிட் சில்ஸ். டெலவேர் மாநிலத்துப் பையன். அமெரிக்கன் ஃபுட்பாலில் குவார்ட்டர்பேக், அதாவது டீமையே நடத்தும் ஆட்டக்காரர். 2010 பிப்ரவரியில், ஏழாம் வகுப்பு படிக்கும்போது, சதர்ன் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் (யு.எஸ்.சி) தலைமைப் பயிற்சியாளர் லேன் கிஃபின் அவருக்கு ஸ்காலர்ஷிப் ஆஃபர் கொடுத்தார். அப்போது சில்ஸுக்கு 13 வயது. பையனும் சரி என்றார். டிவி, பத்திரிகை எல்லாம் 'அதிசயச் சிறுவன்' என்று கொண்டாடின.

அப்புறம்? 2013-ல் கிஃபினின் வேலை போனது. சில்ஸும் வளர்ந்தார், ஆட்டமும் மாறியது. யு.எஸ்.சி-க்காக அவர் ஒரு மேட்ச்கூட ஆடவில்லை. வெஸ்ட் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே அவரை பந்தைப் பிடிக்கும் 'வைட் ரிசீவராக' மாற்றிப் பார்த்தார்கள். குவார்ட்டர்பேக்காகத்தான் ஆடுவேன் என்று கலிஃபோர்னியாவில் ஒரு சிறிய கல்லூரிக்குப் போய் ஒரு சீசன் ஆடிப் பார்த்தார். பிறகு திரும்பவும் வெஸ்ட் வர்ஜீனியாவுக்கே வந்து ரிசீவராக இறங்கினார். 2017-ல் 18 டச்டவுன் கேட்ச்கள். அந்த ஆண்டு நாட்டிலேயே அதைவிட அதிகம் பிடித்தவர் யாரும் இல்லை!

கதை நல்லபடியாகத்தான் முடிந்தது. ஆனால் கவனியுங்கள். 13 வயதில் உலகம் அவரிடம் பார்த்த திறமை வேறு, 21 வயதில் அவர் ஜெயித்த திறமை வேறு. அன்றைய கணிப்பு தப்பு. அந்தத் தப்பான கணிப்பைத் தூக்கிச் சுமந்தது சில்ஸ்தான்.

2008-ல் கூடைப்பந்திலும் இதேபோல ஒன்று நடந்தது. எந்த ஹைஸ்கூலில் சேர்வது என்றே முடிவாகாத கலிஃபோர்னியாவின் ஓர் எட்டாம் வகுப்பு மாணவருக்கு, கென்டக்கி பல்கலைக்கழகப் பயிற்சியாளர் பில்லி கில்லிஸ்பி ஆஃபர் கொடுத்தார். அடுத்த ஆண்டே அந்தப் பயிற்சியாளர் நீக்கப்பட்டார். மாணவர் கென்டக்கிக்காக ஆடவே இல்லை. அந்தச் சர்ச்சைக்குப் பிறகு, பத்தாம் வகுப்பு முடியும் முன் யாருக்கும் ஆஃபர் கொடுக்க வேண்டாம் என்று கூடைப்பந்துப் பயிற்சியாளர்கள் சங்கமே தன் உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டது.

பிஞ்சில் பழுத்தால்...

13 வயதில் கணிப்பு ஏன் தப்பாகிறது? அந்த வயதில் பயிற்சியாளர் பார்ப்பது பாதி திறமை, பாதி பருவம். ஒரே வகுப்பில் ஒரு பையனுக்கு மீசை அரும்பியிருக்கும், பக்கத்தில் இருப்பவன் இன்னும் குழந்தை முகத்தோடு இருப்பான். சீக்கிரம் வளர்ந்தவன் வேகமாக ஓடுவான், உயரமாகக் குதிப்பான். நாலு வருடம் கழித்து மற்றவனும் வளர்ந்துவிடுவான். அப்போதுதான் யாரிடம் நிஜமான ஆட்டம் இருக்கிறது என்பது தெரியும்.

மைக்கேல் ஜோர்டானே பத்தாம் வகுப்பில் ஸ்கூலின் முதன்மை டீமில் இடம் கிடைக்காமல் ஜூனியர் டீமில் ஆடியவர்தான். ஸ்டீஃபன் கறியின் அப்பா என்.பி.ஏ வீரர். ஆனாலும் ஹைஸ்கூலில் ஒல்லியாக, குள்ளமாக இருந்த கறிக்குப் பெரிய கல்லூரிகள் எதுவும் ஸ்காலர்ஷிப் கொடுக்க முன்வரவில்லை. டேவிட்சன் என்ற சின்னக் கல்லூரிதான் அவரைச் சேர்த்துக்கொண்டது. 2008-ல் அந்தக் கல்லூரியை தேசியப் போட்டியின் கடைசி எட்டு அணிகளில் ஒன்றாகக் கொண்டுபோய் நிறுத்தினார். 13 வயதில் மார்க் போட்டு முடித்திருந்தால், இவர்களுக்கு என்ன மார்க் கிடைத்திருக்கும்?

உடல் பற்றிய கவலையும் உண்டு. ஆஃபர் சீக்கிரம் வரும் என்றால், பயிற்சியும் சீக்கிரம் ஆரம்பிக்க வேண்டும். ஒன்பது, பத்து வயதிலேயே மற்ற விளையாட்டுகளை விட்டுவிட்டு ஒரே ஆட்டத்தை வருடம் முழுக்க ஆடுகிறார்கள். அமெரிக்கக் குழந்தைகள் நல மருத்துவர்கள் அமைப்பு இதற்கு நேர் எதிராகச் சொல்கிறது. 15, 16 வயது வரை ஒரே விளையாட்டில் முடங்க வேண்டாம், வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள் ஓய்வு வேண்டும், வருடத்தில் மொத்தமாக மூன்று மாதமாவது அந்த விளையாட்டிலிருந்து விலகியிருக்க வேண்டும் என்பது அவர்கள் ஆலோசனை. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் வளரும் எலும்புக்கும் மூட்டுக்கும் ஆபத்து. மனசுக்கும்தான். பிடித்து ஆடிய ஆட்டமே ஒரு கட்டத்தில் வெறுத்துப்போகும்.

விதி மாறியது... ஆனால்?

2017 ஏப்ரலில் முதல் பெரிய மாற்றம் வந்தது. கேட்டது யார் தெரியுமா? லக்ராஸ் பயிற்சியாளர்களே! "எங்களால் நிறுத்த முடியவில்லை, நீங்கள் விதி போட்டு நிறுத்துங்கள்" என்கிற மாதிரி. அதன்படி, பதினோராம் வகுப்பின் செப்டம்பர் 1 வரை, பிள்ளையே போன் செய்தாலும் பயிற்சியாளர் பேசக் கூடாது. 2018, 2019-ல் மற்ற பெரும்பாலான விளையாட்டுகளுக்கும் விதி இறுகியது. இப்போது சாக்கர் உட்பட பல விளையாட்டுகளில் பத்தாம் வகுப்பு முடிந்து ஜூன் 15-க்குப் பிறகுதான் பேச்சு. கல்லூரிக்குப் போய் பயிற்சியாளரைப் பார்ப்பது ஆகஸ்ட் 1-க்குப் பிறகு.

இது பெரிய நிம்மதி. ஆனால் முழுக் கதவும் மூடவில்லை. அமெரிக்கன் ஃபுட்பால், கூடைப்பந்துக்குத் தனி விதிகள். எட்டாம் வகுப்புப் பையனுக்கு ஆஃபர் என்ற செய்தி அங்கே இன்றும் வருகிறது. மற்ற விளையாட்டுகளில் பிள்ளையோடு பேசத்தான் தடை. மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்து பார்க்கவோ, கிளப் கோச்சிடம் விசாரிக்கவோ யாரும் தடுக்கவில்லை. ஆக, ஜூன் 15-க்கு முன்பே பட்டியல் தயாராக இருக்கும். கிளப் ஃபீஸ், டோர்னமென்ட், ஹோட்டல், வீடியோ எடுப்பவர், தனிப் பயிற்சி, 'உங்கள் பிள்ளையைக் கல்லூரிகளிடம் சேர்ப்போம்' என்று பணம் வாங்கும் கன்சல்டன்சி... இந்தச் சந்தைக்கு ஜூன் 15 எல்லாம் கிடையாது.

இதற்கிடையே இன்னொரு திருப்பம். இந்த முறை அடி எதிர்ப்பக்கத்திலிருந்து. 2021-ல் இருந்து காலேஜ் வீரர்கள் ஒரு சீசன் வெளியே உட்காராமலே கல்லூரி மாறலாம் என்றானது. 2024-ல், படிப்பு ஒழுங்காக இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றானது. வீரர்களுக்கு இது நியாயமான சுதந்திரம். ஆனால் பயிற்சியாளர் இப்போது என்ன நினைப்பார்? 'வளருவானா மாட்டானா என்று தெரியாத 17 வயதுப் பையன் எதற்கு? ரெண்டு வருஷம் காலேஜில் ஆடி நிரூபித்த 21 வயதுக்காரனையே எடுத்துக்கொள்ளலாமே!' அன்று பிஞ்சிலேயே பறிக்க அலைந்தவர்கள், இன்று பழுத்ததைக் கடையில் வாங்குகிறார்கள். நடுவில் காயாகத் தொங்கும் ஹைஸ்கூல் பிள்ளைக்கு இடம் குறைகிறது.

அடுத்து, 2025 ஜூன் 6-ம் தேதி நீதிமன்றம் அங்கீகரித்த 'ஹவுஸ்' வழக்கு சமரசம். இனி கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் ஆண்டில் ஒரு கல்லூரிக்கு உச்சவரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். கூடவே, இத்தனை ஸ்காலர்ஷிப்தான் என்ற பழைய கட்டுப்பாடு போய், ஒரு டீமில் இத்தனை பேர்தான் என்ற புதிய கட்டுப்பாடு வந்தது. ஃபுட்பாலுக்கு 105, சாக்கருக்கு 28. அந்த எண்ணுக்குள் எல்லாருக்கும் ஸ்காலர்ஷிப் தரலாம். 'தரலாம்'தான். கட்டாயம் இல்லை.

இதன் விளைவு தெரியுமா? சமரசம் நடைமுறைக்கு வரும் முன்பே, எண்ணிக்கையைக் குறைக்க பல கல்லூரிகள் வீரர்களை வெளியேற்றின. இடம் உண்டு என்று வாக்குக் கொடுக்கப்பட்டிருந்த பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும், 'ஸாரி, இடம் இல்லை' என்ற பதில் போனது. நீதிபதி கிளாடியா வில்கன் இதற்காகவே ஒப்புதலை நிறுத்திவைத்து, அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வழி சொல்லுங்கள் என்றார். கடைசியில், அப்படி இடம் இழந்தவர்களைச் சேர்த்துக்கொண்டால் அவர்கள் அந்த எண்ணிக்கையில் வர மாட்டார்கள் என்று முடிவானது. ஆனால் சேர்த்துக்கொள்வதா வேண்டாமா என்பது மறுபடியும் கல்லூரியின் விருப்பம்! வாய் வார்த்தையின் மதிப்பு என்ன என்று கேட்டோமே... ஒரு ஃபெடரல் கோர்ட் வரை போயும் அதற்குக் கிடைத்த மதிப்பு இவ்வளவுதான்.

ஆட்டம் முதிர்ந்த பிறகு போனவர்கள்

'அப்போ சீக்கிரம் பிடிக்காவிட்டால் வாய்ப்பே இல்லையா?' என்று பதற வேண்டாம். நமக்குத் தெரிந்த உதாரணங்களே இருக்கின்றன. டெல்லியில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பையன் தேஜஸ்வின் சங்கர், 2016-ல் நம்ம கோவையில் நடந்த தேசிய ஜூனியர் தடகளப் போட்டியில் 2.26 மீட்டர் உயரம் தாண்டி தேசிய சாதனை படைத்தார். அப்போது வயது 17. அதற்குப் பிறகுதான் ஸ்காலர்ஷிப்பில் அமெரிக்காவின் கேன்சஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 2018, 2022 என இரண்டு முறை என்.சி.ஏ.ஏ உயரம் தாண்டுதல் சாம்பியன். 2022 காமன்வெல்த் போட்டியில் வெண்கலம். சென்னையில் வளர்ந்த சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக ஆடி, 2007, 2008-ல் தொடர்ந்து என்.சி.ஏ.ஏ டென்னிஸ் ஒற்றையர் பட்டம் வென்றார். இவர்களை யாரும் எட்டாம் வகுப்பில் பிடித்துவைக்கவில்லை. ஆட்டம் முதிர்ந்த பிறகு, தங்களுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்த வயதில் போனார்கள்.

அக்காவுக்கு என்ன சொன்னேன்?

எல்லாம் படித்து முடித்துவிட்டு அக்காவுக்குப் போன் செய்தேன். வழக்கம்போல ஹைவே. 'லேட்' என்ற வார்த்தையை முதலில் தூக்கிப் போடுங்கள் என்றேன். பத்தாம் வகுப்பு முடியும் வரை சாக்கரில் எந்த 'டிவிஷன் 1' காலேஜ் கோச்சும் அவளிடம் பேசவே கூடாது என்பதுதான் விதி. பிறகு எப்படி ஒன்பதாம் வகுப்பில் லேட் ஆகும்?

நாளைக்கு ஆஃபர் வந்தால் கேட்க வேண்டிய கேள்விகளையும் சொன்னேன். உங்களுக்கும் உதவலாம்.

ஒன்று, முழு ஃபீஸா, பாதியா, கால்வாசியா? நாலு வருடத்துக்கா, ஒரு வருடத்துக்கா? 1973 முதல் 2012 வரை ஓராண்டு ஸ்காலர்ஷிப் மட்டுமே கொடுக்க முடியும் என்று விதியே இருந்தது. இன்றும் எழுத்தில் வாங்குவதே பாதுகாப்பு.

இரண்டு, காயம் பட்டால் ஸ்காலர்ஷிப் என்ன ஆகும்?

மூன்று, உங்களைக் கூப்பிடும் கோச் போய்விட்டால், இந்த வார்த்தையை யார் காப்பாற்றுவார்கள்?

நான்கு, நம் பிள்ளை ஆடும் அதே இடத்துக்கு இன்னும் எத்தனை பேருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள்? வேறு கல்லூரியிலிருந்து மாறி வருபவர்களை எவ்வளவு பேர் எடுக்கிறீர்கள்?

ஐந்தாவது கேள்வி கோச்சுக்கு இல்லை, பிள்ளைக்கு. "நாளைக்கே உன்னால விளையாட முடியாமப் போனாலும், இந்தக் காலேஜ்ல படிக்க உனக்குப் பிடிக்குமா?" பிடிக்கும் என்றால் போகலாம். தயங்கினால், அந்தத் தயக்கத்துக்குக் காது கொடுங்கள். 'டிவிஷன் 3' கல்லூரிகளில் விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே கிடையாது. ஆனால் அங்கேயும் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ஆடுகிறார்கள், படிக்கிறார்கள். ஆட்டம் பிடிப்பதால் மட்டும் ஆடுகிறார்கள்.

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நாங்க இதையெல்லாம் கோச் கிட்ட கேட்கலாம்னே எங்களுக்குத் தோணலை. அவர் கேட்பார், நாம சரி சொல்லணும்னு நினைச்சிட்டோம்" என்றார்.

பிரச்னையே அதுதான். 13 வயதுப் பிள்ளைக்கு 'சரி' சொல்ல எல்லாரும் சொல்லிக்கொடுத்தார்கள். 'யோசிச்சு சொல்றேன்' என்று சொல்ல யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. விதிகளும் கோர்ட்டும் தேதியைத் தள்ளிவைக்கலாம். அந்த ஒரு வாக்கியத்தை வீட்டில்தான் சொல்லிக்கொடுக்க முடியும்.

பின் சீட்டிலிருந்து ஒரு குரல் கேட்டது. "சித்தி கிட்ட சொல்லுங்கம்மா, அடுத்த வாரம் மேட்ச் இல்ல. நான் நீச்சலுக்குப் போகப் போறேன்!"